எதிர்வாசல் செருப்புகள்

எங்கள் நூலகத்துக்கு நேர் எதிரே, சாலையின் அந்தப் பக்கம், இ-சேவை மையம் திறந்தது ஒரு வியாழக்கிழமை. காலை ஒன்பதரை மணி. அன்று பதினொரு மணிக்கு அதன் வாசலில் ஏழு ஜோடி செருப்புகள் கிடந்தன. நூலக வாசலில் ஒரு ஜோடி, அது என்னுடையது. இதெல்லாம் என் குறிப்பேட்டில் இருக்கிறது. அன்று முதல் வேலை நாள் ஒவ்வொன்றிலும் பதினொரு மணிக்கு இரண்டு வாசல்களையும் எண்ணி எழுதிவந்தேன். எதற்காக என்று யாராவது கேட்டிருந்தால், பிற்காலத்தில் ஊரின் வரலாற்றுக்கு உதவும் என்று சொல்லியிருப்பேன். அது பொய்.

இந்த மலைக்கு ஊர்ப்புற நூலகராக வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பிறந்தது கீழே, படவேட்டுப் பக்கம். வந்த முதல் வாரத்திலிருந்து ஒரு நாள் விடாமல் குறிப்பு எழுதுகிறேன். மழை எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்தக் கொல்லை நிலத்தில் சாமை விதைத்தார்கள், புளி எப்போது உலுக்கினார்கள், பஸ் வந்ததா வரவில்லையா, எந்த வீட்டில் பிறப்பு, எந்த வீட்டில் சாவு. கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதுவேன். காதால் கேட்டதை எழுதினால் முன்னால் ‘கேள்வி’ என்று போட்டுவிடுவேன். பிறப்பு, சாவு இரண்டையும் மட்டும் நேரில் போய்ப் பார்க்காமல் எழுதியதில்லை.

இந்த மலையில் பழைய ஆட்களுக்குத் தேதி நினைவில் இருக்காது, நாள் இருக்கும். "பலா மரம் பஸ்ஸு மேல வுழுந்துச்சே, அதுக்கு அடுத்த பௌர்ணமி" என்பார்கள். அரசாங்கத்தின் எந்தப் படிவத்திலும் பலா மரத்துக்குக் கட்டம் கிடையாது. ஆகவே என்னிடம் வருவார்கள். நான் பலா மரம் விழுந்த நாளைத் தேடி, பௌர்ணமியை எண்ணி, ஒரு துண்டுக் காகிதத்தில் நாள், மாதம், ஆண்டு எழுதித் தருவேன். ‘தேதி சார்’ என்று ஊரில் எனக்குப் பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

கேட்ட அன்றே தேதியைத் தருவதில்லை என்று ஒரு வழக்கமும் வைத்திருந்தேன். "ரெண்டு நாள் கழிச்சி வாங்க, பார்த்து வைக்கிறேன்" என்பேன். தேடக் கால்மணி நேரம்கூட ஆகாது. ஆனால் கேட்டவுடன் கையில் கொடுத்தால் அதற்கு மதிப்பில்லை என்று நினைத்தேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நகரத்துத் தன்னார்வலர்கள் சிலர் நூலகத்துக்கு ஒரு பழைய கணினியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் லினக்ஸ் என்ற, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய இயங்குதளம் இருந்தது. நானே படித்து, நானே பழகி, என் நோட்டுப் புத்தகங்கள் முழுவதையும் மூன்று ஆண்டுகளில் அதில் தட்டச்சு செய்து முடித்தேன். அதற்கடுத்த மழைக்காலத்தில் அடித்தட்டில் இருந்த பழைய நோட்டுகளைக் கரையான் அரித்துவிட்டது. நான் பெரிதாக வருந்தவில்லை. எல்லாம் கணினிக்குள் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இனி எதிர்வாசல்காரியைப் பற்றி. அவள் பக்கத்துக் குக்கிராமத்தில் பிறந்தவள். பள்ளி நாட்களில் என் நூலகத்தில் அதிகம் படித்த பிள்ளை அவள்தான்; அதிகம் தாமதமாகத் திருப்பித் தந்ததும் அவள்தான். வேலூரில் கணினி படித்து, சென்னையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து, திரும்பி வந்து இந்த மையத்தைத் தொடங்கினாள். ஊரில் அவளுக்குக் ‘கம்ப்யூட்டர் பாப்பா’ என்று பெயர் வைக்க ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்குத் ‘தேதி சார்’ என்ற பெயர் வர ஆறு ஆண்டுகள் ஆயின.

டீக்கடையில் ஒருவர் சொன்னதை நான் காதால் கேட்டேன். "சார் கிட்ட போனா ரெண்டு நாளு. பாப்பா கிட்ட போனா ரெண்டு நிமிசம்." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். வந்து என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாளை மூன்று நாளாக்கினேன். ஒரு தடவையில் முடிவதை இரண்டு தடவை வரச் சொன்னேன். ஒவ்வொரு தடவைக்கும் வாசலில் ஒரு ஜோடி செருப்பு.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சனிக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். அவர் மேல் கொல்லையில் சாமையும் கேழ்வரகும் போடுகிறவர். மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, கீழே நர்சிங் படிக்க இடம் கேட்டிருந்தாள்.

"சார், இவ பொறந்த தேதி வோணும்," என்றார் அப்பா.

"பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டுல இருக்குமே?"

"அதுல கீறது இவ தேதி இல்ல சார். ஊருல பாதிப் புள்ளைங்களுக்கு அந்தத் தேதிதான்."

உண்மைதான். அந்தக் காலத்தில் பிள்ளையைச் சேர்க்க வரும்போது தேதி தெரியாவிட்டால், ஆளைப் பார்த்து ஓர் ஆண்டையும் ஜூன் மாதத்தில் ஒரு நாளையும் எழுதிவிடுவார்கள். இந்தப் பெண் சிறுவயதில் ஒல்லியாகவும் குள்ளமாகவும் இருந்ததால் ஒரு வயது குறைத்து எழுதிவிட்டார்கள். அந்தக் காகிதத்தின்படி நர்சிங் படிப்புக்கு வேண்டிய வயது அவளுக்கு இன்னும் வரவில்லை. வீட்டில் பிறந்தவள், பிறப்பைப் பதியவும் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை ஊராட்சி அலுவலகத்தில் முகாம். கீழேயிருந்து அதிகாரிகள் வந்து, விடுபட்ட பிறப்புகளைப் பதிய மனு வாங்குவார்கள். அதைத் தவறவிட்டால் அவளுக்கு இந்த ஆண்டு படிப்பு இல்லை. என் குறிப்பு சட்டப்படி ஆவணம் ஆகாது. ஆனால் மனுவில் தேதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது.

"எந்த நாள்னு நினைவிருக்கா?" என்றேன்.

"இல்லாம? கரடி களத்துல பூந்துச்சே, அதுக்கு மறுநா விடிகால."

கணினி என் பக்கத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்போதே பார்த்துச் சொல்லியிருக்கலாம். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். "செவ்வாய்க்கிழமை வாங்க. பார்த்து வைக்கிறேன்."

அப்பா தலையாட்டினார். மகள் மட்டும் கேட்டாள்: "இப்பவே தேட முடியாதா சார்?"

"தேடறதுக்குன்னு ஒரு முறை இருக்கும்மா," என்றேன்.

அவர்களிடம் மழையைப் பற்றியும் புளி விளைச்சலைப் பற்றியும் பேச்சுக் கொடுத்துப் பதினொரு மணி தாண்டும்வரை உட்கார வைத்தேன். அன்றைய குறிப்பு: எதிரே ஒன்பது, இங்கே மூன்று.

திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்குக் கணினி, புதிய கெர்னல் வந்திருக்கிறது, நிறுவவா என்று கேட்டது. கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. மின்சாரம் வந்ததும் முதலில் எழுந்து, கோப்புகள் இருக்கும் வட்டு எங்கே, விசைப்பலகை எங்கே என்று மற்ற எல்லாவற்றையும் எழுப்புவது அதுதான். சில வாரங்களுக்கு ஒரு முறை புதிது வரும். நிறுவியதும், பழையவற்றை நீக்கிவிடவா என்று கேட்கும். நான் ஒவ்வொரு முறையும் ‘வேண்டாம்’ என்றுதான் அழுத்துவேன். அன்றும் அப்படியே அழுத்தினேன். நிறுவும்போது ஏதோ இரண்டு வரிகள் சிவப்பில் ஓடின. ஆங்கிலத்தில் வேகமாக ஓடியதால் படிக்கவில்லை. கணினியை நிறுத்திப் போட்டேன்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று இறங்கி நின்றன. கடைசி வரி ‘கெர்னல் பேனிக்’ என்று தொடங்கியது; பேனிக் என்றால் பீதி. எல்லாக் கோப்புகளுக்கும் வேரான கோப்பகம் உள்ள வட்டுப் பகுதியைத் திறக்க முடியவில்லை என்று அதற்கு மேலே இருந்தது. விசைப்பலகையின் விளக்குகள் விட்டுவிட்டு மின்னின. எந்த விசையை அழுத்தியும் பயனில்லை. பொத்தானைப் பிடித்து அணைத்துவிட்டு மீண்டும் போட்டேன். அதே வரிகள், அதே மின்னல். ஆறு முறை போட்டேன்; ஆறு முறையும் நேரத்தை எழுதினேன்.

எத்தனையோ நூல்களில் எத்தனையோ அச்சங்களைப் படித்திருக்கிறேன். ஓர் இயந்திரம் தன் பீதியைத் தானே எழுதிக் காட்டி நின்றதை அன்றுதான் பார்த்தேன். இருபத்திரண்டு ஆண்டு மழையும் பிறப்பும் சாவும் அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் இருந்தன. அந்தப் பெண் பிறந்த நாளும் அங்கேதான் இருந்தது.

சன்னல் வழியே எதிர்வாசல் தெரிந்தது. முப்பது அடி தூரம் இருக்கும். நான் எழுந்து சன்னலைச் சாத்தினேன்.

அன்று பகல் முழுவதும் தண்ணீர்த் தொட்டி அருகே நின்றேன்; எங்கள் ஊரில் கைபேசிக்கு அங்கேதான் சிக்னல் நிலையாக வரும். அந்தக் கடைசி வரியை இணையத்தில் தட்டித் தேடினேன். ஒருவர் நினைவகத்தைக் குறை சொன்னார், ஒருவர் வட்டைக் குறை சொன்னார். நூலகத்துக்கு வந்து நினைவகப் பலகையைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அதன் பித்தளை நிறப் பற்களைத் தேய்த்து மாட்டினேன். வட்டின் கேபிளை உருவிச் செருகினேன். திரை மாறவில்லை. மாலையில் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

செவ்வாய்க்கிழமை அப்பா மட்டும் வந்தார். துண்டைப் பார்த்தார்.

"கரென்ட் சரியில்ல," என்றேன். "வியாழக்கிழமை வாங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். எங்கள் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

வீட்டில் என் மனைவி அன்று மாலையே பிடித்துவிட்டாள். அவள் கண்ணமங்கலத்துக்காரி. எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"மிஷினு வுழுந்துடுச்சாமே?"

"யார் சொன்னது?"

"தண்ணித் தொட்டிகிட்ட நாள் பூரா நின்னா ஊருக்குத் தெரியாதா? எதிர்ல அந்தப் பொண்ணு கீது. கூப்ட்டா வந்து பாத்துட்டுப் போவுது."

"அதுக்கு இதெல்லாம் தெரியாது. அங்க இருக்கிறது வேற இயங்குதளம்."

"கேட்டீங்களா?"

"கேட்கலை."

"அப்பறம் எப்பிடித் தெரியும் தெரியாதுன்னு? எல்லாத்தையும் நேர்ல பாத்துதான் எழுதுவேன்னு சொல்ற ஆளு!"

புதன்கிழமை விடுப்புப் போட்டு, கீழே ஆலங்காயத்துக்குப் பஸ் ஏறினேன். கணினி பழுது பார்க்கும் கடைக்காரரிடம் என் கைக்குறிப்பை நீட்டினேன். அவர் பாதிதான் படித்தார். "அண்ணா, ரொம்ப யோசிக்காதீங்க. புதுசா போட்டுடுங்க. கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கும்," என்று ஒரு பென்டிரைவில் அதே இயங்குதளத்தை ஏற்றித் தந்தார். பஸ்ஸில் வரும்போது அதைச் சட்டைப் பையில் கையால் பிடித்துக்கொண்டே வந்தேன். எதிர்வாசலுக்குப் போகாமலேயே முடித்துவிடலாம் என்ற ஒரே மகிழ்ச்சிதான் எனக்கு. ஏற்ற வளைவுகளில் வழக்கமாக வரும் தலைச்சுற்றல்கூட அன்று வரவில்லை.

வியாழக்கிழமை பன்னிரண்டரை மணி. பென்டிரைவிலிருந்து கணினி எழுந்தது. மொழி கேட்டது, சொன்னேன். விசைப்பலகை கேட்டது, சொன்னேன். பிறகு, வட்டில் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டு நிறுவவா என்று கேட்டது.

இந்த இடத்தில் என் மனத்தில் ஓடியதை மறைக்க விருப்பமில்லை. ‘அனைத்தையும்’ என்றால் இயங்குதளம் முழுவதையும் என்று பொருள் கொண்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விரும்பினேன். அழிந்தாலும் நினைவிலிருந்து எழுதிவிடலாம் என்றும், அந்தப் பெண்ணின் தேதியை ஒரு மாதிரி கணித்துச் சொல்லிவிடலாம் என்றும்கூட ஒரு கணம் தோன்றியது. தெரியாத ஒன்றைத் தேதியாக எழுதலாம் என்று என் வாழ்நாளில் நான் நினைத்தது அந்த ஒரு கணம்தான்.

மனைவி சோற்றுப் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். பன்னிரண்டாவது படித்தவள். என் தோளுக்கு மேலே குனிந்து திரையைப் படித்தாள்.

"ஏங்க, அழிக்கட்டுமான்னு கேக்குது."

"ஆமா."

"இன்னாத்த அழிக்கப் போறீங்க?"

நான் சுட்டியை நகர்த்தினேன்.

"ஒரு நாளு முழுக்க பஸ்ஸுல போய்ட்டு வந்தீங்க. இந்த ரோட்டைத் தாண்ட முடியல. நாளைக்கி அந்தப் பொண்ணு முகாமுக்கு இன்னாத்த எடுத்துக்கினு போவும்? நீங்க எண்ணி வெச்ச செருப்பையா?"

அவளுக்குச் செருப்புக் குறிப்பு தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. சுட்டியிலிருந்து கையை எடுத்தேன்.

சாலையைக் கடந்தேன். மைய வாசலில் ஆறு ஜோடி. நானும் கழற்றினேன். உள்ளே பெஞ்சில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் மேசைக்குப் பின்னால் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"சார்! நீங்களா? உள்ள வாங்க சார்."

"ஒரு சின்னச் சந்தேகம்," என்றேன். "கணினி துவங்கும்போது நின்னுடுது."

"மூணு நாளா துண்டு போத்திக்கினு கீதே, அதுவா?" என்று சிரித்தாள். பெஞ்சும் சிரித்தது. அவள் கையைக் கழுவிக்கொண்டு என்னோடு கிளம்பினாள். பெஞ்சில் இருந்தவர்களிடம், "அரை மணி நேரத்துல வந்துடறேன், யாரும் போவாதீங்க," என்றாள். யாரும் போகவில்லை என்பதைச் சன்னல் வழியே பார்த்தேன். என்னிடம் வருகிறவர்களை நான் அரைமணி நேரம் தனியாக விட்டுவிட்டுப் போனால் ஒருவர்கூட இருக்கமாட்டார்.

"நிக்கறதுக்கு முன்ன லாஸ்ட்டா இன்னா பண்ணீங்க சார்?"

நான் குறிப்பேட்டைத் திறந்து படித்தேன். ஒன்பது நாற்பதுக்குப் புதிய கெர்னல், பழையதை நீக்க வேண்டாம் என்றது, சிவப்பு வரிகள் இரண்டு, ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு முதல் பீதி, பிறகு ஆறு முறை.

"சார், சென்னையில எத்தினியோ பேரு மிஷின பாத்திருக்கேன். எல்லாரும் ‘ஒண்ணுமே பண்ணல, தானா நின்னுடுச்சி’ன்னுதான் சொல்லுவாங்க. நிமிசத்தோட எழுதி வெச்சவங்கள இப்பத்தான் பாக்கறேன்."

மகிழ்ச்சியாக இருந்தது. அவள் சொல்லி நான் மகிழ வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

அவள் பென்டிரைவைப் பிடுங்கி வைத்தாள். "இத்த வெச்சிப் புதுசா போட இருந்தீங்களா? நல்ல வேள. இதுலருந்தே வட்டைத் தொறந்து ஃபைல வெளிய எடுத்திருக்கலாம் சார். அழிக்கவே வேணாம்." பொத்தானை அழுத்திவிட்டு ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது ஆண்டுகளில் நான் பார்த்தே இராத ஒரு பட்டியல் திரையில் வந்தது. அதற்குள்ளே இன்னொரு பட்டியலைத் திறந்தாள். வரிசையாகப் பதினொரு கெர்னல்கள்.

"இன்னா சார் இது? பாட்டன் முப்பாட்டன் எல்லாம் இங்கியே குடும்பம் நடத்தறாங்க?"

"நான்தான் நீக்க வேண்டாம்னு வெச்சிருந்தேன். எது எப்ப வந்ததுன்னு எல்லாத்துக்கும் தேதி இருக்கு."

"அதான் சார் கோளாறே." அவள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். வெள்ளை எழுத்துகள் ஓடின, நிற்காமல் ஓடின, என் பழைய நீல முகப்பு வந்தது. மணி ஒன்று இருபது. நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதினேன்.

அவள் விளக்கினாள். கெர்னல்களை வைக்க வட்டில் ஒரு சின்னப் பகுதிதான் ஒதுக்கியிருக்கிறது. ஒவ்வொரு கெர்னலோடும் கூட ஒரு கோப்பு வரும். வட்டை எப்படித் திறப்பது என்ற விவரம் அதில்தான் இருக்கும். நான் எதையும் நீக்காமல் வைத்ததில் அந்தப் பகுதி நிறைந்துவிட்டது. புதிய கெர்னல் வந்தது. அதன் கோப்பைப் பாதி எழுதும்போதே இடம் தீர்ந்துவிட்டது. சிவப்பில் ஓடிய வரிகள் சொன்னதும் அதைத்தான். கதவைத் திறக்கத் தெரியாமல் புதியது பீதியில் நின்றது. பழையதிடம் முழுக் கோப்பு இருந்ததால் அது திறந்துகொண்டு போய்விட்டது.

"எடுத்துடட்டுமா சார் பழசெல்லாம்?"

நான் தயங்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"தேதிதான் உங்க நோட்டுல கீதே சார். இங்க ஆளு வோணாம். ரெண்டு போதும். ஓடறது ஒண்ணு, அது வுழுந்தா தாங்கறது ஒண்ணு."

ஒரே ஒரு வரி தட்டினாள். ஒன்பதும் போயின. புதியதன் கோப்பை மறுபடி முழுதாக எழுத வைத்து, நிறுத்திப் போட்டாள். எழுந்தது. இருபத்தெட்டு நிமிடங்கள். ரப்பரால் தேய்த்து மூன்று நாள் போக்கிய நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"அந்த மேல் கொல்ல அண்ணனுக்குத் தேதி பாத்துடலாமா சார்?" என்றாள். "ஃபார்மெல்லாம் நான் ரொப்பி வெச்சிட்டேன். தேதிக் கட்டம்தான் காலியா கீது. போன வாரமே என்கிட்ட வந்தாரு. தேதின்னா சார் கிட்ட போங்கன்னு நான்தான் அனுப்பி வெச்சேன்."

"நீயா அனுப்பினே?"

"யாரு தேதி கேட்டாலும் உங்ககிட்டதானே சார் அனுப்பறேன்? வேற யாருகிட்ட கீது?"

என் குறிப்பேட்டில், நூலக வாசல் என்ற தலைப்பின்கீழ், நான் பெருமையாக எழுதி வைத்திருந்த இரண்டுகளும் மூன்றுகளும் நினைவுக்கு வந்தன. அவை எந்த வாசலிலிருந்து வந்தவை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதற்கு நான் நன்றிதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உள்ளுக்குள் பொறாமை கூடத்தான் செய்தது. என் வாசலுக்கு ஆள் அனுப்பும் அளவுக்கு அவளிடம் ஆள் இருந்தது.

அதற்குள் அப்பாவும் மகளும் வந்துவிட்டார்கள். பாப்பா நாற்காலியை விட்டு எழாமல், என் கோப்பில் ‘கரடி’ என்று தட்டினாள். நான் கால்மணி நேரம் பக்கம் பக்கமாக, மெதுவாக, ரசித்துப் போகிற வேலை அது. அவளுக்கு ஒரு நொடி. இருபத்திரண்டு ஆண்டுகளின் எல்லாக் கரடிகளும் வரிசையில் வந்து நின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சுனைப் பக்கம் கரடி, பலாத் தோப்பில் கரடி, சாலையில் கரடி. களத்தில் புகுந்த கரடி மட்டும் இல்லை.

"இல்லியே அண்ணே," என்றாள் அப்பாவிடம். "நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க. கரடிதானா?"

"இன்னாம்மா இப்பிடிக் கேக்குற!"

மகள் அப்பாவின் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் அவள் மதிப்பெண் பட்டியல். உறையின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தாள். நான் அப்போதே வாய் திறக்கவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் இருக்கும். கம்ப்யூட்டர் பாப்பாவுக்குக் கிடைக்காத ஒன்று என்னிடம் இருக்கிறது என்ற சுகத்தில் நின்றேன். பிறகு அந்தப் பெண்ணின் விரல்களைப் பார்த்தேன்.

"கொஞ்சம் எழுந்திரும்மா," என்றேன் பாப்பாவிடம். உட்கார்ந்து ‘விலங்கு’ என்று தட்டினேன்.

வந்தது. ‘கேள்வி: மேல் கொல்லைக் களத்தில் முன்னிரவில் ஏதோ விலங்கு புகுந்ததாகச் சொல்கிறார்கள்.’ கரடி என்றுதான் ஊரில் சொன்னார்கள். நான் நேரில் பார்க்காததால் ‘ஏதோ விலங்கு’ என்று மட்டும் எழுதியிருந்தேன். பார்க்காததைப் பெயரிட்டு எழுத மாட்டேன் என்ற கர்வம். அடுத்த நாள் குறிப்பு: ‘மேல் கொல்லை வீட்டில் பெண் குழந்தை. விடியுமுன். காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தேன். தாய், சேய் நலம். குழந்தை மிகச் சிறியது, குரல் பெரியது.’ அந்தத் தேதியை இங்கே எழுதவில்லை. அது அவளுடையது.

மகள் அதை மெல்ல வாசித்தாள். ‘குரல் பெரியது’ என்ற இடத்தில் சிரித்தாள்.

அப்பாவுக்கு வேறு கவலை. "இன்னா சார், கரடின்னு எழுதலியா?" என்று வேட்டியை முழங்கால் வரை தூக்கினார். கெண்டைக்காலில் நீளமாக நான்கு தழும்புகள். "ஏதோ வெலங்கா இது? பதினேழு வருசமா என்னை நம்பலியா நீங்க? கரடி பூந்த பயத்துலதான் இவங்கம்மாவுக்கு வலியே எடுத்துச்சி!"

"மறுநாள் வூட்டுக்கு வந்தேனே, அப்ப காலைக் காட்டியிருக்கலாமே?"

"புள்ள பொறந்த வூட்டுல என் கால யாரு சார் பாத்தாங்க?"

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காகிதத் துண்டில் தேதியை எழுதிக் கொடுத்தேன். அப்பா அதை வாங்கிக்கொண்டு, பாப்பா பக்கம் திரும்பி, "ரொம்ப நன்றிம்மா. நீ இல்லன்னா கெடச்சிருக்காது," என்றார். என்னிடம், "வர்றேன் சார்," என்றார். இரண்டையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

அவர்கள் போனதும் அவள் கேட்டாள்: "சார், இத்தோட ஒரு காப்பி என் மிஷின்ல வெக்கட்டுமா? நாளைக்கி இந்த வட்டே போயிடுச்சின்னா ஒண்ணுமே மிஞ்சாது."

சொன்னது சரி. ஆனால் நான் சொன்னது, "பார்க்கலாம்." அந்தக் கோப்பு சாலையைத் தாண்டினால் தேதிக்கும் அங்கேயே போய்விடுவார்கள். பிறகு எதிர்வாசலிலிருந்து அனுப்பப்படும் இரண்டு மூன்று ஜோடிகளும் வராது.

வெள்ளிக்கிழமை நூலக விடுமுறை. முகாமுக்குப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி, இந்தத் தேதி உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அன்று காலை ஏழு மணிக்கு நேரில் பார்த்தேன் என்றேன். அப்பாவிடமும் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் இருவரிடமும் விசாரித்து எழுதிக்கொண்டார். ஐந்து வாரங்களில் சான்றிதழ் வந்தது. பள்ளிப் பதிவும் திருத்தப்பட்டது. அந்தப் பெண் இப்போது கீழே விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் பஸ் ஏறிய அன்று காலை மூடுபனி. பஸ் இருபது நிமிடம் தாமதம்.

அதற்கு முன், சேர்க்கைக் கடிதத்தைக் காட்ட அப்பாவும் மகளும் வந்தபோது, முதலில் எதிர்வாசலுக்குப் போய்விட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். நான் கடிதத்தை வாசித்து, வாழ்த்துச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் போன பிறகு வெகுநேரம் கணினியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வியாழக்கிழமை மனைவி மட்டும் சோறு கொண்டுவராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். என் பொறாமைக்கு அந்தப் பெண்ணின் ஒரு வருடம் போயிருக்கும்.

அடுத்த நாள் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றி எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். ஆலங்காயத்தில் வாங்கிய அதே பென்டிரைவ்தான். மணி பத்து ஐம்பத்தைந்து. பாப்பா அதை வாங்கித் தன் கணினியில் ஏற்றும்வரை பெஞ்சில் உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்தது. பழக்கதோஷத்தில் வாசலைப் பார்த்து எண்ணினேன். எட்டு ஜோடி, என்னுடையதையும் சேர்த்து. எதிரே நூலக வாசலில் ஒன்றுமில்லை. அதோடு அந்தக் குறிப்பை நிறுத்திவிட்டேன்.

"தேதி யாராவது கேட்டா நானே பாத்துச் சொல்லிடட்டுமா சார்? இல்ல, உங்ககிட்ட அனுப்பட்டுமா?" என்றாள்.

"நீயே சொல்லு. கிடைக்கலைன்னா அனுப்பு," என்றேன்.

நூலகத்துக்குத் திரும்பி வந்து, பதினேழு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் குறிப்பைத் திறந்தேன். ‘ஏதோ விலங்கு’ என்பதை எடுத்துவிட்டு, ‘கரடி. தழும்பை நேரில் பார்த்தேன்’ என்று திருத்தினேன். கோப்பைக் கொடுத்த பிறகு செய்த திருத்தம் அது. அவளிடம் இருக்கிற பிரதியில் இன்னும் ‘ஏதோ விலங்கு’ என்றுதான் இருக்கும்; ‘கரடி’ என்று தேடினால் கிடைக்காது. மூன்று மாதங்கள் ஆகின்றன. நான் இன்னும் சொல்லவில்லை.